உங்கள் வரிப் பைல் யாருடைய கையில் இருக்கிறது?

2023/24 ஆம் ஆண்டுக்கு நான் கட்ட வேண்டியிருந்த வருமான வரி 10,800 ரூபா. அந்த வரியை முன்வைத்து என் கையைவிட்டுப் போன பணம் 183,500 ரூபா. தூக்கம் கெட்டது, ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த இரண்டு பெரிய ஓடர்களைத் திருப்பி அனுப்பியது எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. மலையகத்தில் சொந்தமாகத் தொழில் செய்கிற பிள்ளைகள் இப்போது எவ்வளவோ பேர். தையல், கேக், மேக்கப், டியூஷன், கம்ப்யூட்டர் வேலை என்று ஆளுக்கொன்று செய்கிறோம். வேலையைச் சொல்லிக்கொடுக்க யாராவது கிடைத்துவிடுவார்கள். வரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு" என்பார்கள், இல்லாவிட்டால் ஒரு ஏஜென்டின் நம்பரைத் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் ஒரு நம்பர் கிடைத்தது.

என் தொழில் கல்யாண ஆல்பம் செய்வது. ஹட்டனில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஸ்டூடியோக்காரர்கள் படங்களை அனுப்புவார்கள். நான் நிறம் திருத்தி, பக்கம் அடுக்கி, கொழும்பில் அச்சடித்து எடுத்துக் கொடுப்பேன். மெல்பர்னில் உள்ள ஒரு போட்டோகிராபருக்கும் படங்களைத் திருத்தி அனுப்புகிறேன். வீடு இன்னும் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில்தான், அடையாள அட்டையில் இருப்பதும் அந்த விலாசம்தான். இந்த விலாசத்தால் என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

2024 ஜனவரியிலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து டின் (TIN) எனும் வரி செலுத்துநர் இலக்கம் எடுக்க வேண்டும் என்று அறிவித்தபோது எங்கள் பக்கம் பெரிய கலவரமாகிவிட்டது. டின் எடுத்தாலே மாதாமாதம் வரி வெட்டுவார்கள் என்று லயத்துக்கு லயம் பேச்சு. உண்மை அது இல்லை. டின் ஒரு அடையாள இலக்கம், அவ்வளவுதான். அந்த வருடத்தில் செலவு போக மிஞ்சிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டினால்தான் வரி. 2025 ஏப்ரலிலிருந்து அந்த எல்லை 18 லட்சம், அதாவது மாதத்துக்கு 150,000. இதை அப்போதே யாராவது இரண்டு வரியில் சொல்லியிருந்தால் போதும். டின் எடுப்பதற்குக் காசும் இல்லை, இணையத்திலேயே எடுக்கலாம். எனக்கு நடைமுறைக் கணக்கு திறக்க டின் தேவைப்பட்டது. டவுனில் போர்ட் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் 15,000 ரூபா வாங்கிக்கொண்டு எடுத்துத் தந்தார். "தங்கச்சி, நீங்க ஒண்ணுக்கும் யோசிக்க வேணாம், பைல் என் கையில இருக்குதானே" என்றார். உண்மையிலேயே அது அவர் கையில்தான் இருந்தது. பதிவில் என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம். போன் நம்பரும் ஈமெயிலும் அவருடையவை. திணைக்களத்தின் இணையக் கணக்குக்குள் நுழைவதற்கான பின் இலக்கம், நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்குப் போயிருக்கின்றன.

2024 அக்டோபரில் விவரத்திரட்டு, அதாவது வருடத்து வருமானக் கணக்கைத் திணைக்களத்துக்குக் காட்டுகிற படிவம், அனுப்ப வேண்டும் என்று இன்னும் 25,000 வாங்கினார். ரெட் கலரில் ஒரு பைல் கவர் கொடுத்தார், உள்ளே நான் கொடுத்த பேங்க் ஸ்டேட்மென்ட்டின் போட்டோ கொப்பி. "எல்லாம் முடிஞ்சது" என்றார். ஒன்றுமே அனுப்பப்படவில்லை. யாருக்காவது காசு கொடுத்து இந்த வேலையைச் செய்வித்தால், இணையத்தில் விவரத்திரட்டு போன பிறகு வருகிற ஒப்புகைப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வந்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஈமெயில் இல்லையென்றால் தம்பி தங்கையிடம் சொல்லி ஒன்று திறந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூன் நடுவில் திணைக்களம் எனக்கு ஒரு மதிப்பீட்டு அறிவித்தல், அதாவது இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று தானே கணக்கிட்டுச் சொல்கிற கடிதம், அனுப்பியிருக்கிறது. அது என் கையில் கிடைத்தது ஜூலை முதல் வாரத்தில். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தபால் வராது என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். எல்லாம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் உண்டு. என் கடிதம் ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் ஒரு கட்டுக்குள் கிடந்திருக்கிறது. மழைக்காலம், மேல் உறை ஈரத்தில் ஊறி, கீழே இருந்த இன்னொரு கடிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அம்மா சம்பள விஷயமாகப் போனபோது கிளாக்கர் எடுத்துக் கொடுத்தாராம். பிரித்துப் பார்த்தேன். என் வருமானம் 41 லட்சம் என்றும் வரி 594,000 ரூபா என்றும் இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அம்மாவிடம் தொகையைச் சொல்லவில்லை, ஏதோ பேங்க் கடிதம் என்றேன். அன்று இரவு முழுக்க அந்த நம்பரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்தில் நான் வீட்டுக்கு எடுத்துப்போகிற காசில் பாதிக்குக் கிட்ட அது.

ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். முதல் நாள் "சிஸ்டம் வேலை செய்யல, நான் பார்க்கிறேன்" என்றார். அடுத்த நாளிலிருந்து போன் ஓப். டவுனுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தால் போர்டைக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் நின்று அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. கொடுத்த 40,000 போனதைவிட, ஒரு வருடமாக எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பவைத்தாரே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

கடிதத்தை நிதானமாகப் படித்தபோதுதான் அதில் இருந்த முக்கியமான வரி கண்ணில் பட்டது. மதிப்பீட்டை ஏற்காவிட்டால் அறிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் மீளாய்வு கேட்கலாம். ஆகவே இப்படி ஒரு கடிதம் வந்தால் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள், திகதியைப் பாருங்கள். உறையை எறியாதீர்கள். தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது, எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு இன்னும் பத்து நாளுக்குமேல் கையில் இருந்தது. கடிதம் இன்னொரு மாதம் அந்த ஜன்னலில் கிடந்திருந்தால் என் கதி என்ன என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. தோட்டத்து விலாசத்தில் பைல் வைத்திருப்பவர்கள் தபாலுக்கு மட்டும் வேறு விலாசம் கொடுக்கலாம். கடை, வாடகை அறை, டவுனில் உள்ள சித்தப்பா வீடு என்று நிச்சயமாகக் கையில் கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும். நான் இப்போது ஹட்டன் அறையின் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன்.

41 லட்சம் எங்கிருந்து வந்தது? என் வங்கிக் கணக்கில் அந்த வருடம் விழுந்த மொத்தப் பணம் அது. விவரத்திரட்டு வராதபோது கையில் உள்ள தகவலை வைத்துத் திணைக்களம் தானே கணக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விழுந்தது எல்லாம் என் காசா இல்லையா என்று பேங்குக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அதை நான்தான் காட்ட வேண்டும்.

அறையின் தரையில் ஸ்டேட்மென்ட் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்து, மூன்று நிற ஹைலைட்டரோடு உட்கார்ந்தேன். நான் பிடிக்கிற சீட்டுக்குக் கடைவீதிப் பெண்கள் பத்துப் பேர் மாதம் 5,000 போடுவார்கள். மாதம் 50,000, வருடத்தில் 6 லட்சம். அது மஞ்சள். அச்சகத்துக்கென்று ஸ்டூடியோக்காரர்கள் போட்டு நான் அப்படியே கொழும்புக்கு அனுப்பிய காசு 1,150,000. அது பச்சை. மெல்பர்னிலிருந்து வந்தது 5 லட்சம், அதற்கு அப்போது வரி விலக்கு. அது ஊதா. நிறம் படாமல் மிஞ்சியது 1,850,000. அதிலிருந்து வாடகை, மின்சாரம், இணையம், பிரயாணம் என்று, வெளிநாட்டு வேலைக்குச் சேர்கிற பங்கை விட்டுவிட்டுக் கழித்தால் செலவு 470,000. மிச்சம் 1,380,000. வரி இல்லாத எல்லையான தனிநபர் நிவாரணம் 12 லட்சம் போக 180,000. அந்த வருடத்தில் முதல் 5 லட்சத்துக்கு 6 வீதம். 10,800 ரூபா. கல்குலேட்டரில் அந்தத் தொகை வந்தபோது பெருமூச்சு விட்டேன், அப்புறம் கோபமும் வந்தது. இதைக் கட்ட எனக்கு ஒரு கஷ்டமும் இருந்திருக்காது.

கணக்குப் போடுவது ஒரு மத்தியானத்து வேலை. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் தேடியதில்தான் நாட்கள் போயின. சீட்டுக்கு என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது, மாதாமாதம் யார் எடுத்தார்கள் என்று பெயரோடு. பத்துப் பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். அவர்கள் ஒரு வார்த்தை மறுக்காமல் போட்டுத் தந்ததை நான் மறக்கமாட்டேன். அச்சகத்தில் கேட்டு வருடம் முழுவதற்கும் ஒரு கணக்குக் கூற்று எடுத்தேன். ஆனால் சின்னச் சின்ன பில்கள் பாதிக்குப் பாதி வெள்ளைத் தாளாகிவிட்டன. இந்த மெஷின் பில்கள் நம் பக்கத்து ஈரத்துக்கு ஒரு வருடம்கூடத் தாங்காது. எழுத்து மறைந்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து மாதவாரியாகச் சேமித்துவிடுங்கள், குறைந்தது ஐந்து வருடம் வைத்திருங்கள். எழுத்து மறைந்த பில்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் எவ்வளவு போனது என்று எனக்கே தெரியாது.

கண்டியில் உள்ள பிரதேச அலுவலகத்துக்குப் போனபோது வயிற்றைக் கலக்கியது. அங்கே இருந்த மிஸ் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "பிள்ளை, சீட்டுக்காசையும் தொழில்காசையும் ஏன் ஒரே அக்கவுண்ட்ல போடுறீங்க? எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதானே" என்றார். கோபமாக இல்லை, வீட்டில் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். தொழிலுக்கு ஒன்று, வீட்டுக்கும் சீட்டுக்கும் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருந்தால் அந்தத் தரையில் நான் உட்கார்ந்திருக்கவே வேண்டியதில்லை. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இந்த மாதமே செய்துவிடுங்கள். சேமிப்புக் கணக்கு ஒன்று திறக்க ஒரு காலை நேரம் போதும்.

மீளாய்வுக் கடிதத்தைத் தமிழில் எழுதினேன். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் எழுத்துத் தொடர்பு வைத்துக்கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் மொழி பற்றிய நான்காம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஆங்கிலம் வராது என்பதற்காக யாரும் இன்னொரு ஏஜென்டிடம் போக வேண்டாம். இன்ன திகதி அறிவித்தல், அதை ஏற்கவில்லை, காரணம் இது, சரியான கணக்கு இது, ஆதாரங்கள் இவை என்று ஒன்றரைப் பக்கம். கூடவே அனுப்பப்படாமல் கிடந்த விவரத்திரட்டையும் நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் திகதியும் அடித்து வாங்கி வந்தேன். தபாலில் அனுப்புவதென்றால் பதிவுத் தபால், அதன் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அங்கேயே ஏஜென்டின் போன் நம்பரையும் ஈமெயிலையும் மாற்றி என்னுடையதைப் பதிந்துகொண்டேன்.

சில மாதங்களில் மதிப்பீடு திருத்தப்பட்டு 10,800 ஆனது. ஆனால் தாமதத்துக்கான தண்டம் அப்படியே நின்றது. வரி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், விவரத்திரட்டு நவம்பர் 30 தாண்டினால் குறைந்தபட்சம் 50,000, பிந்துகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 10,000, உச்சம் 4 லட்சம் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு எட்டு மாதம் பிந்தியிருந்தது, ஆகவே 130,000. காசு வாங்கியவர் ஏமாற்றிவிட்டார் என்று சொன்னேன், அவருக்கு அனுப்பிய பணத்தின் ரசீதையும் காட்டினேன். பைல் என் பெயரில் இருப்பதால் பொறுப்பும் என் பெயரில்தான். வரியும் அதைப் பிந்திக் கட்டியதற்கான தண்டமும் மாதம் ஒன்றரை வீத வட்டியும் சேர்த்து 13,500. இரண்டு வளையலை அடகு வைத்துத்தான் கட்டினேன். ஒன்றை மீட்டுவிட்டேன்.

திகதிகளை இப்போது சுவர்க் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன், நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி அடுத்த மார்ச் 31 வரை. வரி வரும் என்று தெரிந்தால் அதை நான்கு தவணையாக ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களுக்குள் கட்ட வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு மிச்சத்துக்குக் கடைசி நாள் செப்டெம்பர் 30, விவரத்திரட்டுக்கு நவம்பர் 30. வரி இல்லை என்று தெரிந்தாலும், வருமான வரிப் பைல் திறந்திருந்தால் விவரத்திரட்டை அனுப்பிவிடுவதே நிம்மதி. நான் இப்போது ஒவ்வொரு ஓடரிலும் வருகிற இலாபத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குகிறேன். என் அளவு வருமானத்துக்கு அது தாராளமாகப் போதும், மிஞ்சினால் எனக்குத்தான்.

கொழும்பு ஸ்டூடியோ போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சேவைக் கட்டணம் தரும்போது 5 வீதம் பிடித்துக்கொண்டு தருவார்கள். அந்தக் காசு தொலைந்துவிடவில்லை. பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கினால் உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் கேட்பதே இல்லை.

உதவிக்கு ஆள் வைத்திருப்பவர்கள் ஊழியர் சேமலாப நிதியை மறந்துவிடாதீர்கள். பீஸ் கணக்கில் சம்பளம் கொடுத்தாலும் அது உண்டு. நம் பங்கு 12 வீதம், அவர் பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நாம் 3 வீதம். என்னிடம் அரை நாள் வேலைக்கு வருகிற பிள்ளைக்கு இந்த வருடம் கட்டத் தொடங்கியிருக்கிறேன். அவளுடைய அம்மா தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர், சேமலாப நிதி என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, வெளிநாட்டுக்கு வேலை செய்து டொலரில் காசு எடுக்கிற பிள்ளைகளுக்கு. நான் காட்டிய ஊதா நிறத்து 5 லட்சத்துக்கு வரி வராமல் போனதற்கு இரண்டு காரணம். அப்போது அந்த வருமானத்துக்கு விலக்கு இருந்தது, காசு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்தது. வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாறுகிற உண்டியலில் வந்திருந்தால் அந்த விலக்கு கிடைத்திருக்காது. 2025 மார்ச் 31 உடன் அந்த விலக்கு முடிந்துவிட்டது. ஏப்ரல் 1 முதல் அதற்கும் வரி உண்டு, ஆனால் வங்கி வழியாக வந்தால் வீதம் உச்சமாக 15 தான், 18 லட்ச நிவாரணமும் இருக்கிறது. உங்களில் பலருக்கு இது இன்னும் தெரியாது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடம் கேட்கிறவர்களெல்லாம் "ஐ.டி. வேலைக்கு வரி இல்லைதானே அக்கா" என்றுதான் தொடங்குகிறார்கள். காசு வரும் ஒவ்வொரு தடவையும் வங்கி தருகிற பத்திரத்தை எடுத்து வையுங்கள். அன்றைய நாணய மாற்று வீதமும் அதிலேயே இருக்கும். சந்தேகம் இருந்தால் 1944 க்கு எடுத்துத் திணைக்களத்திடமே கேளுங்கள். கேட்கக் காசு இல்லை.